ஒட்டுத்தாளில் ஒரு முகம்

லூவ்ர் அருங்காட்சியகத்தின் கோட்டோவியப் பிரிவில் ஆளுயரத்துக்கு ஒரு பேஸ்டல் சித்திரம் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 178 சென்டிமீட்டர், அகலம் 130க்குச் சற்று மேல். சாம்பல் கலந்த நீலத்தாள்கள் பலவற்றைச் சேர்த்து ஒட்டி அதன்மேல் வரைந்தது. வரைந்தவர் மொரிஸ் காந்தென் த லா தூர். வரையப்பட்டவர் மதாம் த பொம்பதூர், பதினைந்தாம் லூயி மன்னரின் ஆசைநாயகியாக வெர்சாய் அரண்மனைக்குள் வந்து, பின்னர் அவருடைய நெருங்கிய தோழியாகவும் ஆலோசகராகவும் நிலைத்தவர். 1755ஆம் ஆண்டின் பாரிஸ் சலோன் கண்காட்சியில் இது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

இந்தச் சித்திரத்தில் முகம் மட்டும் தனித்தாள். தனியே வரைந்த தலையை வெட்டியெடுத்து, உடையும் மேசையும் சுவரும் நிறைந்த பெரிய தாளுக்குள் பதித்திருக்கிறார்கள். காரணம் ஒன்றும் மர்மமானதல்ல. அரசவையில் இருப்பவர் ஓவியருக்கு முன்னால் உட்காரும் நேரம் குறைவு. கிடைத்த பொழுதில் முகத்தை வரைந்துகொள்வார்கள். உடையை ஆளுயரப் பொம்மைக்கு மாட்டிவிட்டு நிதானமாக வரைவது அக்கால ஓவியக்கூடங்களின் வழக்கம். ஆனாலும் இந்த ஒட்டைப் பட்டறை விவரம் என்று ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஒரு மனிதரின் அடையாளத்தில் பிறப்போடு வந்தது எது, அவரே தேடிச் சேர்த்தது எது என்ற கேள்வி இந்தச் சித்திரத்தில் தாளாகவும் பசையாகவுமே நிற்கிறது.

வழக்கமாக நாம் முகத்தின் பக்கம்தான் சாய்வோம். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். லா தூர் விஷயத்தில் இந்தச் சாய்வு இன்னும் அதிகம். அவருடைய சொந்த ஊரான சேன்-காந்தெனின் அருங்காட்சியகத்தில் அவர் தயாரிப்புக்காக வரைந்த முகங்கள் பெருந்தொகுப்பாக இருக்கின்றன. கழுத்தோடு நின்றுவிடும் முகங்கள் அவை. தோள் இல்லை, உடை இல்லை. நீலத்தாளில் விறுவிறுவென்று இழுத்த சிவப்பு, வெள்ளை, கருப்புக் கீறல்கள். நடிகைகள், நடனக்காரிகள், பாடகி மரீ ஃபெல், பெயர் தெரியாமலே போன பலர். பொம்பதூருடையது என்று அடையாளம் காணப்பட்டவையும் அவற்றில் உண்டு. இன்றைய ரசனைக்கு முடிந்த சித்திரங்களைவிட இந்த அரைகுறை முகங்கள்தாம் பிடிக்கின்றன. பொய்முடியும் பட்டும் சரிகையும் கழன்றபின் உள்ளே இருக்கும் மனிதர் தெரிகிறார் என்று நம்புகிறோம். லா தூரும் தன் முன் உட்கார்ந்தவர்களின் ஆழத்துக்குள் அவர்கள் அறியாமலே இறங்கிப் பார்ப்பவர் என்றே பேர் வாங்கியிருந்தார்.

நான் இதற்கு மாறாகத்தான் நினைக்கிறேன். குறைந்தது இந்த ஒரு சித்திரத்திலாவது.

முதலில் அந்த முகம் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். பேஸ்டல் என்பது பொடி. நிறப்பொடியோடு வெண்சுண்ணமும் கொஞ்சம் பிசினும் பிசைந்து குச்சியாக உருட்டிக் காயவைப்பது. எண்ணெய் வண்ணம் போல அது படலமாக இறுகுவதில்லை. தாளின் சன்னமான இழைகளுக்குள் பொடியாகவே தங்கிக் கிடக்கும். விரல் பட்டால் விரலோடு வரும், அதிர்ந்தால் உதிரும். அதை நிலைநிறுத்தும் வழியை லா தூர் வாழ்நாள் முழுவதும் தேடினார். வெனிஸ் நகரத்து ஓவியர் ரொசல்பா கர்ரியேரா 1720இல் பாரிசுக்கு வந்து தங்கிப் போனபிறகு பிரெஞ்சு மேட்டுக்குடியினர் இந்தப் பொடிமேல் பித்தானார்கள். 1704இல் பிறந்த லா தூர் அந்த அலையில் எழுந்தவர்.

அதே பொடிதான் அன்றைய வெர்சாயில் முகங்களிலும் இருந்தது. வெள்ளைப் பூச்சு, கன்னத்தில் வட்டமாகச் சிவப்பு. அரசவைப் பெண்ணின் கன்னச்சிவப்பு அழகுக்காக மட்டும் இட்டதல்ல. அது பதவிச் சின்னம். அரசவைக்கு முறைப்படி அறிமுகமானவள் என்பதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடும். காலையில் ஒப்பனை மேசையின் முன், வந்து நிற்கும் விருந்தினர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே, அந்த முகம் ஒவ்வொரு நாளும் புதிதாக எழுதப்பட்டது. ஃபிரான்சுவா பூஷே வரைந்த ஒரு சித்திரத்தில் பொம்பதூர் கையில் சிறு தூரிகையோடு ஒப்பனை மேசையின் முன் உட்கார்ந்திருக்கிறார். மணிக்கட்டுக் காப்பில் மன்னரின் உருவம். ஹார்வர்டில் இருக்கும் அந்தத் திரைச்சீலை முதலில் சிறிதாக இருந்து, பிறகு பக்கங்களில் துண்டு சேர்த்துப் பெரிதாக்கப்பட்டது. அங்கும் ஒட்டு. ஆகவே லா தூரின் தாளில் இருப்பது எழுதிய முகத்தைப் பார்த்து எழுதிய முகம். அதில் போய் ஒப்பனைக்கு அடியில் இருக்கும் பெண்ணைத் தேடினால், அரசவை அவரிடம் கேட்ட முகம்தான் திரும்பவும் கிடைக்கும்.

பிறப்பு அவருக்குக் கொடுத்தது என்ன? 1721 டிசம்பரில் பாரிசில் பிறந்தபோது பெயர் ழான்-அந்துவானெத் புவாசோன். படைகளுக்குத் தானியமும் பணமும் ஏற்பாடு செய்த பாரி சகோதரர்களிடம் வேலை பார்த்தவர் தந்தை. கணக்கில் மோசடி என்று குற்றம் சாட்டப்பட்டு நாட்டை விட்டு ஓடினார். குழந்தைக்கு அப்போது ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. 1741இல் திருமணம். 1745இல் மன்னர் லிமூசென் பகுதியில் வாரிசற்றுப்போன ஒரு பழைய குடும்பத்தின் நிலத்தை வாங்கி, அதனோடு சேர்ந்த மார்க்கீஸ் பட்டத்தை இவருக்குக் கொடுத்தார். பொம்பதூர் என்பது அப்படி வந்த பெயர். தந்தை வழிப் பெயருக்கு மீன் என்று பொருள் இருந்ததால் தெருப்பாடகர்களும் அரசவை எதிரிகளும் அதை வைத்தே வசைப்பாட்டுகள் கட்டினார்கள். பட்டம் வாங்கிக் கொடுக்கலாம், பிறந்த பெயரைப் பாடுகிறவன் வாயை மூட முடியாது.

அதே 1745 பிப்ரவரியில், பட்டத்து இளவரசரின் திருமணத்துக்காக வெர்சாயின் கண்ணாடிக்கூடத்தில் நடந்த முகமூடி நடனத்தை ஷார்ல்-நிக்கொலா கொஷேன் ஒரு கோட்டோவியமாக வரைந்திருக்கிறார். ரொகோகோ காலக் கோட்டோவியங்களில் அடையாளம் பற்றி இதைவிடக் கூர்மையாகப் பேசும் ஒன்று எனக்குத் தெரியவில்லை. மன்னரும் அவருடன் சில பிரபுக்களும் தோட்டத்தில் கத்தரித்து நிறுத்தியிருக்கும் யூ மரங்களைப் போல வேடமிட்டு வந்தார்கள். எந்த மரத்துக்குள் மன்னர் என்று பார்த்தவர் எவருக்கும் தெரியவில்லை. கோட்டோவியத்தைப் பார்க்கும் நமக்கும் தெரியாது. அந்த நடனத்தில்தான் மன்னர் இந்தப் பெண்ணை நெருங்கினார் என்பது பரவலான கதை. கதை எப்படியோ போகட்டும். மரமாக நின்றாலும் லூயி மன்னர்தான். முகத்தையும் உடலையும் முற்றாக மறைத்துக்கொண்டு விளையாடும் அளவுக்கு அவருடைய அடையாளம் பிறப்பிலேயே உறுதி. ழான்-அந்துவானெத்துக்கு அந்த விளையாட்டு கட்டுபடியாகாது. சுற்றியுள்ள பொருளையெல்லாம் எடுத்துவிட்டால் அவருக்கு மிஞ்சுவது அந்தப் பழைய பெயரும், பாடகர்களின் சிரிப்பும்.

அதனால்தான் கழுத்தோடு நின்ற முகத்தில் உண்மை இருக்கிறது என்ற நம் ரசனையை இவர்மேல் சுமத்துவது எனக்கு அநியாயமாகப் படுகிறது. முகம் மட்டும் போதும் என்று சொல்ல ஒருவருக்குப் பரம்பரை வேண்டும்.

இனி ஒட்டுக்கு வெளியே இருப்பதைப் பார்க்கலாம். வெள்ளைப் பட்டில் பூங்கொடிகள் ஓடும் அகலமான உடை. நகை இல்லை. மன்னரின் தோழிக்கு நகை இல்லாமலா? கழுத்தும் காதும் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன. கைகளில் விரித்த இசைத்தாள். பின்னால் இருக்கையில் ஒரு நரம்பிசைக் கருவி. பக்கத்து மேசையில் ஒரு பூகோள உருண்டை. மேசையின் விளிம்பிலிருந்து தொங்கும் ஒரு செதுக்கு அச்சுத்தாள், அதில் பொம்பதூர் செதுக்கியது என்று இலத்தீனில் கையொப்பம். மணிக்கற்களில் உருவம் செதுக்கும் ழாக் கேயிடம் அவர் உண்மையிலேயே அந்தக் கலையைப் பயின்றார். கேயின் வேலைப்பாடுகளை அச்சுத் தொகுப்பாக்குவதிலும் கைவைத்தார். கீழே மேசைக்காலில் சாய்த்துவைத்த சித்திரப்பை, அதில் புதிதாகக் கிடைத்த குலச்சின்னம்.

1755 சலோனுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ழான்-மார்க் நத்தியே இவரையே வேட்டைத் தெய்வம் தியானாவாக, வில்லோடு வரைந்திருந்தார். அரசவைப் பெண் எவரானாலும் தேவதையாக்கிவிடுவதுதான் அன்றைய மோஸ்தர். அந்த வில்லையும் தேவதை வேடத்தையும் கழற்றிவிட்டு ஒரு படிப்பறையில் உட்கார ஒப்புக்கொண்டதே பெரிய முடிவு. லா தூரின் சித்திரத்தில் எந்தப் பொருளும் உருவகமல்ல. எல்லாம் பயன்படும் பொருள், கைபட்ட பொருள்.

அந்த மேசையில் வரிசையாக நிற்கும் நூல்களை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதுகெழுத்துகளைப் படிக்கும்படியாகவே லா தூர் எழுதியிருக்கிறார். குவாரினியின் இத்தாலிய மேய்ப்பர் நாடகம் ஒன்று. வொல்தேரின் ஆன்ரியாத் காவியம் ஒன்று. மொந்தெஸ்கியேயின் ‘சட்டங்களின் ஆன்மா’. திதரோவும் தலாம்பேரும் நடத்திய கலைக்களஞ்சியத்தின் நான்காம் தொகுதி. முதல் நூலில் யாருக்கும் தொந்தரவில்லை. மற்றவை அப்படியல்ல. ‘சட்டங்களின் ஆன்மா’ 1748இல் வெளிவந்து, 1751இல் கத்தோலிக்கத் திருச்சபையின் தடைப்பட்டியலில் ஏறியது. கலைக்களஞ்சியத்தின் முதல் இரு தொகுதிகளை 1752 பிப்ரவரியில் மன்னரின் அவை தடைசெய்தது. வொல்தேர் பிரஷ்ய மன்னரிடம் போய்ச் சேர்ந்து, அந்த உறவும் முறிந்து, பாரிசுக்குத் திரும்ப முடியாமல் ஜெனீவாப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருந்தார். மொந்தெஸ்கியே அந்த 1755 பிப்ரவரியில்தான் இறந்திருந்தார். அரசு தடுத்த நூலை அரசரின் மிக நெருங்கிய தோழி தன் மேசையில் வைத்துக்கொண்டு, அதையே கட்டணமில்லாமல் யாரும் நுழையக்கூடிய ஒரு கண்காட்சியில் மாட்டச் செய்கிறார். அடுப்பங்கரைப் பணியாளரிலிருந்து ஆயர்வரை எவரும் அந்த முதுகெழுத்தைப் படிக்கலாம். மன்னரும் படித்திருக்க வேண்டும்.

நான்காம் தொகுதி 1754இல் வந்தது. சித்திரம் பற்றிய பேச்சு 1752லேயே நடந்துகொண்டிருந்தது. ஆக முகம் எப்போது தாளில் இறங்கியிருந்தாலும் அந்த முதுகெழுத்து 1754க்கு முந்தியதல்ல. பேச்சு தொடங்கியபிறகும் அடையாளம் முடியவில்லை, இன்னும் ஒரு நூல் சேர்ந்தது.

அந்த இடைவெளியில் இன்னொன்றும் நடந்தது. 1754 ஜூனில் அவருடைய ஒரே மகள் அலெக்சாந்த்ரின், பத்து வயது நிரம்பும் முன்பே, இறந்துபோனாள். அதே மாதத்தில் பொம்பதூரின் தந்தையும் போனார். இந்தச் சித்திரத்தில் அதன் சுவடு எங்கும் இல்லை. கருப்பு இல்லை, குழந்தையின் பொருள் எதுவும் இல்லை. முகத்தில் ஆழ்மனத்தைத் தேடுகிறவர்கள் கண்ணோரத்தில் ஒரு களைப்பைக் கண்டுபிடிக்கக்கூடும். எனக்கு அந்தத் தேடல் உவப்பாக இல்லை. துயரத்தை மக்கள் முன் வைப்பதில்லை என்று ஒரு தாய் முடிவெடுத்திருந்தால் அதுவும் அவருடைய உருவப்படத்தின் பகுதி. பார்ப்பவருக்கு எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளும் உரிமை கிடையாது.

ஆனால் பார்வை ஒன்று இருக்கிறது. அதுதான் என் வாதத்தை அவ்வளவு எளிதில் முடிக்கவிடாமல் நிறுத்துகிறது. மேசையும் நூல்களும் நமக்கு வலப்பக்கம். அவர் தலையோ இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. இசைத்தாளைப் பார்க்கவில்லை, நூல்களைப் பார்க்கவில்லை, நம்மையும் பார்க்கவில்லை. சட்டத்துக்கு வெளியே யாரோ வந்திருக்கிறார்கள், அல்லது வரும் ஓசை கேட்டிருக்கிறது. இத்தனை கவனமாகக் கட்டிய படிப்பறையின் நடுவில், படித்துக்கொண்டிருந்தவரின் கவனம் வாசலில் இருக்கிறது. தனியே வரைந்த முகத்தைப் பதித்ததால் வந்த திருப்பமா, அல்லது முதலிலிருந்தே இப்படித்தான் திட்டமிட்டார்களா என்பது ஒருபுறம். விளைவு ஒன்றுதான். மேசைமேல் இருக்கும் அத்தனையும் அவருடையது, ஆனால் அத்தனையும் வாசலில் நிற்கும் ஒருவரின் தயவில் இருக்கிறது. அந்த ஒருவர் சித்திரத்தில் இல்லை. ஆசைநாயகி என்ற உறவு 1750 வாக்கிலேயே முடிந்துவிட்டது. அதன்பின் அவர் அங்கே நீடித்தது பேச்சுத்துணையாலும் அறிவாலும். அந்த அறிவைத்தான் மேசையில் அடுக்கியிருக்கிறார். வாசலில் ஓசை கேட்டதும் தலை திரும்புகிறது.

இதெல்லாம் திட்டமிட்ட விளம்பரம், அரசியல் தேவைக்குப் போட்ட வேடம் என்று சொல்பவர்கள் உண்டு. தவறென்று சொல்ல மாட்டேன். அரச கட்டடங்களுக்கும் கலைகளுக்கும் பொறுப்பாளராக அப்போது இருந்தவர் அவருடைய தம்பி. சலோன் சுவர்களில் சித்திரம் தொங்கிக்கொண்டிருந்த அந்தச் செப்டம்பரில்தான், பொம்பதூரின் பெல்வ்யூ மாளிகைக்கு அருகிலிருந்த ஒரு சிறு வீட்டில், ஆஸ்திரியத் தூதரும் பிரெஞ்சுத் தரப்பில் பேசவந்த பெர்னியும் ரகசியமாகச் சந்தித்தார்கள். பொம்பதூர் வழியாக அமைந்த சந்திப்பு அது. மறு ஆண்டு பிரான்சும் ஆஸ்திரியாவும் கூட்டணி கண்டன, ஏழாண்டுப் போர் மூண்டது. அந்தப் போரின் அலை நம் கரையையும் அடித்தது: 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்து, பிறகு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது, அந்த ஊரின் நாட்குறிப்பை எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை கண்மூடியதும் அந்த ஜனவரியில்தான். ஐரோப்பாவுக்கு வெளியே நடந்த சண்டைக்கு வேறு பல காரணங்கள் இருந்தன, அதை ஒரு பெண்ணின் தலையில் கட்டுவது அன்றைய வசைப்பாட்டுக்காரர்களின் வேலை. ஆனால் அந்தப் பூகோள உருண்டை வெறும் அலங்காரமாக அங்கே இல்லை என்பதை மறுக்க முடியாது. கலைக்களஞ்சியத்தையும் அவரால் கடைசிவரை காப்பாற்ற முடியவில்லை. 1759இல் அதன் அச்சுரிமையே பறிக்கப்பட்டது.

வேடமாகவே இருக்கட்டும். எதைத் தேர்ந்தெடுத்து வேடமிட்டார் என்பதுதான் கேள்வி. வைரத்தைத் தேர்ந்திருக்கலாம், வில்லைத் தேர்ந்திருக்கலாம், மன்னரின் உருவம் பதித்த காப்பைத் தேர்ந்திருக்கலாம். எல்லாம் கைவசம் இருந்தன. தடைசெய்யப்பட்ட ஒரு நூலின் நான்காம் தொகுதியைத் தேர்ந்தெடுத்தார். தான் இப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் விரும்பி, அந்த விருப்பத்தை ஊரார் முன் வைத்து, அதற்கு வரும் வசையையும் வாங்கிக்கொள்ளத் தயாராகும்போது, அந்த விருப்பம் அவருடைய முகத்தைவிட அவருக்கு நெருக்கமானது என்றே நான் கருதுகிறேன். லா தூரின் பெருமையும் எனக்கு இங்கேதான். முகத்துக்குள் ஆழம் பார்ப்பவர் என்று பேர் வாங்கிய அவர், இந்த ஒருமுறை மேசைமேல் நின்ற நூல்களின் தோல் அட்டைக்கும் எழுத்துக்கும், கன்னத்துக்குக் கொடுத்த அதே பொறுமையைக் கொடுத்தார். பொடியால் எழுதிய கன்னம், பொடியால் எழுதிய நூல். தாளில் இரண்டும் ஒரே பொருள்.

பொம்பதூரின் கடைசிப் பெரிய உருவப்படத்தை ஃபிரான்சுவா-உய்பேர் த்ருவே வரைந்தார். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதிலும் தலை தனித் திரைச்சீலைத் துண்டு. 1763 ஏப்ரலில் அவரை நேரில் உட்காரவைத்து வரைந்தது. உடலும் அறையும் முடிந்தது 1764 மே மாதம். அதற்கு முந்தைய மாதம், ஏப்ரல் 15 அன்று, வெர்சாயில் நாற்பத்திரண்டு வயதில் அவர் இறந்துவிட்டார். இந்தப் படத்தில் அவர் நம்மை நேராகப் பார்க்கிறார். எழுந்து தாவும் ஒரு நாய்க்குட்டி, பின்னால் புத்தகப் பேழை, முன்னால் பூவேலைச் சட்டம், கையில் ஊசி. அரசியின் தோழியர் வரிசையில் இடம் பெற்றுவிட்ட, பக்தியும் ஒழுங்கும் கூடிய ஒரு குடும்பப் பெண்ணின் தோற்றம். பலருக்கு இதுதான் பிடித்த பொம்பதூர். வண்ணத்தின் செழிப்பை நானும் ரசிக்கிறேன். ஆனால் முகத்தைச் சுற்றியிருக்கும் உலகம் முடிந்தபோது அதைச் சரிபார்க்க அவர் இல்லை. லூவ்ரில் இருக்கும் நீலத்தாளில் நான்காம் தொகுதி வந்து சேரும்வரை வேலை காத்திருந்தது, அப்போது அவர் இருந்தார். அவருடைய உருவப்படம் என்று நான் சொல்வது அதைத்தான்.